சுவரில் 12 சென்டிமீட்டர்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இரவில் வீட்டுச் சுவரில் தென்படும் மிகப் பெரிய சிலந்தி பெரும்பாலும் ஒரே இனத்தைச் சேர்ந்தது. அதன் அறிவியல் பெயர் ஹெட்டிரோபோடா வெனடோரியா; ஆங்கிலத்தில் ஹண்ட்ஸ்மன்; வீடுகளில் வெறுமனே பெரிய எட்டுக்கால் பூச்சி. முதிர்ந்த சிலந்தியின் உடல் நீளம் 2.2 முதல் 2.8 செ.மீ. ஒரு கால் நுனியிலிருந்து எதிர்க்கால் நுனிவரை அளந்தால் 7 முதல் 12 செ.மீ. இந்த இரண்டாவது அளவை இக்கட்டுரை கால்வீச்சு என்று குறிக்கிறது. பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 2.7 செ.மீ.; புதிய பத்து ரூபாய்த் தாளின் நீளம் 12.3 செ.மீ. உடல் ஏறக்குறைய நாணயத்தின் அளவு, கால்வீச்சு அதிகபட்சம் தாளின் நீளம். பார்ப்பவர் கண்ணில் விழுவது தாள். சிலந்தியின் உடல் என்னவோ நாணயம்தான்.

இதைப் பரப்பளவாகக் கணக்கிட்டால் வேறுபாடு கூடுகிறது. 12 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு 113 சதுர செ.மீ. 2.8 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு 6.2 சதுர செ.மீ. அதாவது 5.4 விழுக்காடு. உடல் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருப்பதால் உண்மையான பங்கு இதைவிடக் குறைவு. சுவரில் அச்சிலந்தி அடைத்துக்கொண்டதாகத் தோன்றும் இடத்தில் 94 விழுக்காட்டுக்கு மேல் கால்களும் கால்களுக்கு இடைப்பட்ட வெற்றிடமும்தான்.

அடையாளம் காண நீளத்தைவிட விகிதமே அதிகம் உதவும். கால்வீச்சை உடல் நீளத்தால் வகுத்தால் வெனடோரியாவின் பெரிய சிலந்திக்கு 12 ÷ 2.8 = 4.3. லாவோஸின் கம்முவான் மாகாணத்துக் குகைகளில் வாழும் ஹெட்டிரோபோடா மேக்சிமா இதே பேரினம். ஜெர்மானியச் சிலந்தியியலாளர் பீட்டர் யேகர் 2001-இல் விவரித்தது. அதன் கால்வீச்சு 30 செ.மீ., உடல் 4.6 செ.மீ.; விகிதம் 6.5. தென் அமெரிக்காவின் கோலியாத் டாரண்டுலாவின் கால்வீச்சும் 30 செ.மீ. வரை போகும். ஆனால் உடல் 13 செ.மீ. வரை வளரும், எடை 170 கிராமை எட்டும், விகிதம் 2.3. 30 செ.மீ. என்ற ஒரே எண்ணைக் கொண்ட இரு சிலந்திகள், விகிதத்தில் ஏறத்தாழ மும்மடங்கு வேறுபடுகின்றன. உலகின் மிகப் பெரிய சிலந்தி எது என்ற கேள்விக்கு, கால்வீச்சை எடுத்தால் ஒரு விடையும் எடையை எடுத்தால் வேறு விடையும் வருவது இதனால்தான்.

விகிதத்துக்கு அலகு இல்லை என்பது கைப்பேசிப் படம் எடுப்பவருக்குப் பெரிய வசதி. உறவினர் அனுப்பும் படத்தில் அளவுகோல் இருக்காது; "உள்ளங்கை அளவு இருந்தது" என்ற குறிப்பு மட்டும் இருக்கும். படத்திலேயே உடலையும் கால்வீச்சையும் அளந்து வகுத்துவிடலாம். 4-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ வந்தால் ஹண்ட்ஸ்மன் பக்கம் சாயலாம். 3-ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ வந்தால் டாரண்டுலா வகையா என்று இரண்டாம் முறை பார்க்க வேண்டும். மூலையில் ஒட்டடை கட்டும் மெல்லிய சிலந்திகளில் விகிதம் இன்னும் உயரும்; அவற்றின் உடல் 1 செ.மீ.க்கும் குறைவு என்பதால் குழப்பம் வராது. ஹண்ட்ஸ்மன் இரை பிடிக்க வலை பின்னுவதில்லை. வீட்டு ஒட்டடையில் அதன் பங்கு 0.

விகிதத்துக்கு இரண்டு வரம்புகள் உண்டு. முதலாவது, ஆண் சிலந்தியின் உடல் சிறுத்தும் கால்கள் நீண்டும் இருக்கும். பெண்ணின் வயிறு பருத்திருக்கும். ஆகவே ஒரே இனத்துக்குள்ளேயே விகிதம் ஏறி இறங்கும். இரண்டாவது, செத்த சிலந்தி. சிலந்தி தன் கால்களின் முக்கிய மூட்டுகளை நீட்டுவது தசையால் அன்று, உடல்நீரின் அழுத்தத்தால். மடக்குவதற்கு மட்டுமே தசை. உயிர் போனதும் அழுத்தம் போய், எட்டுக் கால்களும் உட்புறம் சுருண்டுவிடும். துடைப்பத்தால் அடித்துவிட்டு அளந்தால் கால்வீச்சும் விகிதமும் உண்மையில் இருந்ததைவிடக் குறைவாகவே வரும். அந்த எண்ணை வைத்து இனத்தைச் சொல்ல முடியாது.

உண்மையான நீளம் வேண்டுமானால் படத்தில் அளவு தெரிந்த ஒரு பொருள் இருக்க வேண்டும். ஏடிஎம் அட்டையின் நீளம் 8.56 செ.மீ.; அதைச் சிலந்திக்கு ஒரு சாண் தள்ளி, அதே சுவரில் பிடித்துப் படம் எடுக்கலாம். தரை ஓட்டில் நின்றால் ஓடே அளவுகோல். 60 செ.மீ. ஓடு படத்தில் 1,200 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் 0.05 செ.மீ. சிலந்தி 220 பிக்சல் இருந்தால் 11 செ.மீ. படம் நேர் எதிரே நின்று எடுத்ததாக இருக்க வேண்டும். கீழிருந்து சாய்வாக எடுத்த படத்தில் இந்தக் கணக்குப் பொய்க்கும். பயத்தில் கண் மதிப்பிடும் அளவு கூடுதலாகவே இருக்கும் என்பதால், 15 செ.மீ.க்கு மேல் சொல்லப்படும் எந்த வீட்டுச் சிலந்திக்கும் இப்படி ஒரு படத்தைக் கேட்பது நியாயம்.

அடுத்த எண் கண். ஹண்ட்ஸ்மன் அடங்கும் ஸ்பராசிடே குடும்பத்துக்கு 8 கண்கள், இரு வரிசை, வரிசைக்கு நான்கு: 4+4. வயல்வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் ஓநாய்ச் சிலந்திக்கும் 8 கண்கள்தான், ஆனால் 4+2+2. கீழ் வரிசையில் நான்கு சிறியவை, மேலே இரண்டு பெரியவை, பின்னால் இரண்டு. டெனிடே குடும்பத்து அலையும் சிலந்திகளுக்கு 2+4+2. சுவரோடு ஒட்டித் தட்டையாகக் கிடக்கும் செலினோபிடே குடும்பத்துக்கு 6+2. உருவத்திலும் நடையிலும் ஹண்ட்ஸ்மனுக்கு மிக நெருக்கமான தோற்றப் போலி இதுவே, பெரும்பாலும் சிறியது. திசுவை அழுகச் செய்யும் நஞ்சுக்குப் பேர்போன லாக்சோசெலிஸ் சிலந்திக்கு 6 கண்கள் மட்டும், மூன்று இணைகளாக; உடல் பெரும்பாலும் 1 செ.மீ.க்குள். ஐந்து குடும்பங்களையும் பிரிக்க முகத்தின் ஒரே ஒரு தெளிவான படம் போதும். இக்காலக் கைப்பேசியில் 30 செ.மீ. தள்ளி நின்று உருப்பெருக்கி எடுத்தாலே கண் வரிசை தெரியும்.

அந்த முகத்தை நெருங்கிப் பார்த்தால் வெனடோரியா தன் அடையாளத்தைத் தானே காட்டும். கண் வரிசைக்குக் கீழே, தாடைகளுக்கு மேலே, பாலாடை நிறத்தில் ஒரு கிடைப்பட்டை. தலைப்பகுதியின் பின்விளிம்பை ஒட்டி அதே வெளிர் நிறத்தில் ஓர் அகன்ற பிறைவடிவப் பட்டை. உடல் மண் பழுப்பு. கால்களில் கரும்புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியின் நடுவிலிருந்தும் ஒரு தடித்த முள்மயிர் நிமிர்ந்து நிற்கும். ஆணுக்கு வயிற்றின் மேல் நீளவாக்கில் கருங்கோடு ஒன்று கூடுதல். பாலாடைப் பட்டை, பின்விளிம்புப் பட்டை, முள்ளுடன் கூடிய கரும்புள்ளி ஆகிய மூன்றும் 4+4 கண்களோடு ஒரே சிலந்தியில் சேர்ந்திருந்தால், வீட்டுச் சுவரைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடம் மிகக் குறைவு.

காலின் எண்ணிக்கை எல்லாச் சிலந்திக்கும் 8. நீள வரிசைதான் வேறுபடும். முன்னிருந்து எண்ணினால் ஹண்ட்ஸ்மனுக்கு 2-ஆம் இணை மிக நீளம். ஓநாய்ச் சிலந்திக்கு 4-ஆம் இணை. ஹண்ட்ஸ்மனின் கால்கள் மேல்நோக்கி வளையாமல் நண்டைப் போலப் பக்கவாட்டில் விரிந்து முன்னோக்கி வளையும். காலின் கடைசி இரு கணுக்களுக்கு இடையே மூன்று மடல்களாகப் பிரிந்த மென்சவ்வு இருப்பது இக்குடும்பத்தின் அடையாளம். அதனால் பாதம் மேல்நோக்கியும் மடங்கும். பாத நுனியில் 2 நகங்கள், அவற்றுக்குக் கீழே அடர்ந்த மயிர்க்கற்றை. பூச்சுச் சுவரிலும் கண்ணாடியிலும் செங்குத்தாக ஓட இவை போதும். தட்டையான உடலும் பக்கவாட்டுக் காலும் சேர்வதால் கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கிலும், நாள்காட்டியின் பின்புறத்திலும் பகலைக் கழிக்க முடிகிறது.

கால் எண்ணும்போது 8-க்குப் பதில் 6 வந்தால் இரண்டு விளக்கங்கள் உண்டு. ஆபத்தில் சிலந்தி காலைக் கழற்றி விட்டுவிடும். இடுப்பருகே குட்டையான அடிக்கட்டை தெரிந்தால் அதுதான் காரணம். அடிக்கட்டை இல்லாமல் ஆறு கால்களால் நடந்து, முன்னிணைக் கால்கள் சாட்டை நுனிபோல் மெலிந்து நீண்டு துழாவிக்கொண்டிருந்தால் அது சிலந்தியே அன்று. சாட்டைச் சிலந்தி எனப்படும் தனி வரிசை. பழைய வீடுகளின் ஈரமான பின்கட்டிலும் கிணற்றடியிலும் காணப்படும். அதற்கு நஞ்சும் இல்லை, நூலும் இல்லை.

இனத்தின் பெயரை உறுதியாகச் சொல்வதில் ஓர் அடக்கம் தேவை. அதற்கும் ஓர் எண் உண்டு. உலகச் சிலந்திப் பட்டியல் 2022 ஏப்ரலில் 50,000 இனங்களைத் தாண்டியது. அவற்றில் ஸ்பராசிடே குடும்பத்தின் பங்கு 1,400-க்கு மேல், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 3. வெனடோரியாவை லின்னேயஸ் 1767-இல் பெயரிட்டார். மேக்சிமா வெளிப்பட 2001 ஆகிவிட்டது, இடைவெளி 234 ஆண்டுகள். இந்தியாவில் ஹெட்டிரோபோடாவைத் தவிர ஓலியோஸ், தெல்க்டிகோபிஸ், சூடோபோடா ஆகிய பேரினங்களும் உண்டு. நெருங்கிய இனங்களைப் பிரிக்க இனப்பெருக்க உறுப்பை உருப்பெருக்கியில் பார்ப்பதே முறை. படம் பெரும்பாலும் பேரினம் வரைக்கும்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும். வெனடோரியா இதற்கு ஓரளவு விலக்கு. மனிதக் குடியிருப்போடு ஒட்டி வாழ்ந்து, வாழைத்தார் முதலான சரக்கோடு கப்பலேறி, இன்று வெப்ப மண்டலம் முழுவதும் பரவியிருக்கும் ஹண்ட்ஸ்மன் இது ஒன்றே. வீட்டுக்குள் அகப்படுவது அதுவாக இருப்பதற்கான வாய்ப்பு அதனால் உயர்கிறது.

பெண் சிலந்தியைச் சில வேளை வயிற்றுக்கடியில் வெண்தட்டு ஒன்றைச் சுமந்தபடி பார்க்கலாம். அது முட்டைப்பை, தட்டையான வட்டம், அகலம் ஒன்றரை செ.மீ.க்கு மேலும் வரும், உள்ளே சுமார் 200 முட்டைகள். தாடையாலும் முகக்கைகளாலும் பிடித்து உடலுக்கடியில் வைத்திருக்கும். ஓநாய்ச் சிலந்தி உருண்டைப் பையைப் பின்முனையில் ஒட்டி இழுத்துச் செல்லும், குஞ்சுகளை முதுகில் சுமக்கும். இந்த ஒரு வேறுபாடே இரண்டையும் பத்தடி தூரத்திலிருந்து பிரித்துவிடும். 200 என்ற எண் வீட்டில் அச்சத்தைக் கிளப்புவது இயல்பு. ஆனால் ஒரு பெண் வாழ்நாளில் ஒரே ஒரு பை இடுவதாக வைத்துக்கொண்டாலும், சிலந்தித் தொகை கூடாமல் குறையாமல் இருக்க 200-இல் 2 மட்டும் முதிர்ந்தால் போதும்: 1 விழுக்காடு. இரண்டு பைகள் இட்டால் அரை விழுக்காடு. பெரிய சிலந்திகள் ஆண்டுக்கு ஆண்டு பன்மடங்காகப் பெருகாத வீடுகளில் மற்ற 198-உம் பல்லிக்கும், எறும்புக்கும், பசிக்கும், ஒன்றுக்கொன்றும் போய்விடுகின்றன என்பதே இதன் பொருள்.

ஆஸ்திரேலியாவில் இதே குடும்பத்தின் வேறு பேரினங்கள் வீட்டுக்குள் வருகின்றன: ஐசோபீடா, ஹோல்கோனியா, நியோஸ்பராசஸ், டெலினா. உடல் 2 செ.மீ. அளவுதான், கால்வீச்சு 15 செ.மீ. வரை. அங்கும் பெண் இடுவது 200 முட்டைகள் வரை. பையை மரப்பட்டைக்கு அடியில் வைத்துவிட்டு ஏறத்தாழ மூன்று வாரம் உண்ணாமல் காவல் இருக்கும். டெலினா கான்செரிடிஸ் என்னும் இனத்தில் ஒரு தாயின் கீழ் 300 வரை ஒரே பட்டைக்குள் கூடி வாழும். சிலந்திகளில் இது அரிது. சிலந்தி கடித்தவர் எண்ணிக்கையை முறையாகச் சேர்த்த நாடும் அதுதான் என்பதால், கடியைப் பற்றிய நம்பகமான எண்கள் அங்கிருந்தே கிடைக்கின்றன.

ஜெஃப்ரி இஸ்பிஸ்டரும் மைக்கேல் கிரேயும் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் 750 கடிகள். ஒவ்வொன்றிலும் கடித்த சிலந்தி பிடிக்கப்பட்டு வல்லுநரால் இனங்காணப்பட்டது; நோயாளி சொன்னார் என்பதற்காக ஒரு கடியும் சேர்க்கப்படவில்லை. குறிப்பிடத்தக்க பாதிப்பு 44 பேருக்கு, அதாவது 6 விழுக்காடு. அந்த 44-இல் 37 செம்முதுகுச் சிலந்தி கடித்தவை. அச்சிலந்தியின் மொத்தக் கடிகள் 56, பாதிப்பு விகிதம் 66 விழுக்காடு. இந்த 56-ஐக் கழித்துவிட்டால் மிஞ்சுவது 694 கடிகள், 7 பாதிப்புகள்: 1 விழுக்காடு. தோல் அழுகிப் புண்ணானதாக உறுதிப்பட்டவை 0. மாதிரி 750 என்பதால் இந்தப் பூஜ்யத்துக்கும் ஒரு மேல்வரம்பு உண்டு. ஆய்வாளர்கள் அதை 99 விழுக்காடு நம்பிக்கையுடன் 0.7 விழுக்காடு என்று கொடுத்திருக்கிறார்கள். ஹண்ட்ஸ்மனை மட்டும் தனியே எடுத்து 2003-இல் இஸ்பிஸ்டரும் டேவிட் ஹர்ஸ்ட்டும் 168 கடிகளை ஆராய்ந்தனர். கடுமையான வலி என்று சொன்னவர் சுமார் நான்கில் ஒரு பங்கு. வலி பெரும்பாலும் நிமிடங்களில் அளக்கத்தக்கது. சிவப்பு, பல் பதிந்த தடம், சிலருக்குச் சிறு இரத்தக் கசிவு. அழுகல் இல்லை.

கடி எவ்வளவு அரிது என்பதற்கு இன்னொரு எண், வேறொரு சிலந்தியைப் பற்றியது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் நால்வர் வாழ்ந்த ஒரு வீட்டில் ஆறு மாதத்தில் பிடிபட்ட லாக்சோசெலிஸ் சிலந்திகள் 2,055. கையால் பிடித்தவை 1,213, ஒட்டும் பொறியில் சிக்கியவை 842. அக்குடும்பம் அங்கே பல ஆண்டுகள் குடியிருந்தும் கடிபட்டவர் ஒருவரும் இல்லை. இந்த ஆய்வும் 2002-இல் வெளிவந்தது. நஞ்சில் ஹண்ட்ஸ்மனைவிடப் பல படி மேலான சிலந்தி 2,055 இருந்தும் கடி 0 என்றால், சுவரில் ஒரு ஹண்ட்ஸ்மன் இருப்பதை வைத்து மறுநாள் காலைப் புண்ணுக்குக் காரணம் சொல்லிவிட முடியாது.

நம் வீடுகளில் அந்தப் பழி வழக்கமாக விழுவது காலையில் கழுத்திலோ கன்னத்திலோ எழும் கொப்புளத்தின் பேரில். எட்டுக்கால் பூச்சி ஊர்ந்தது, அதன் சிறுநீர் பட்டது என்பார்கள். கோடுபோல் நீண்ட எரிச்சலான கொப்புளத்துக்கு அறியப்பட்ட காரணிகளில் ஒன்று பீடரஸ் என்னும் வண்டு. நீளம் 7 முதல் 10 மி.மீ.; ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி வரும். மழைக்காலத்தில் விளக்கொளிக்கு வரும். அது கடிப்பதில்லை, தோலின் மேல் நசுக்கினால் அதன் உடல்நீரில் உள்ள பெடரின் என்ற நச்சு 24 முதல் 48 மணி நேரத்தில் கொப்புளமாக்கும். இந்த இடைவெளிதான் கணக்கைக் குழப்புகிறது. முந்தாநாள் நசுக்கிய 1 செ.மீ. வண்டு நினைவில் இருக்காது. நேற்றிரவு சுவரில் நின்ற 12 செ.மீ. சிலந்தி நினைவில் நிற்கும். அக்கியும் இதே போல் சிலந்தியின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அதற்கு மருந்து தொடங்குவதில் தாமதம் ஆகிறது என்பது கவலைக்குரியது.

எல்லாப் பெரிய சிலந்தியும் ஒன்றே என்று விட்டுவிடவும் கூடாது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மரப்பொந்தில் வாழும் பொசிலோதீரியா என்னும் டாரண்டுலாப் பேரினம் உண்டு. பொசிலோதீரியா ரெகாலிஸ் 1899-இல் அரக்கோணத்திலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு விவரிக்கப்பட்டது. ஹனுமவிலாசுமிகா 2004-இல் இராமேசுவரத்திலிருந்து. ராஜே 2012-இல் வடஇலங்கையிலிருந்து. கடைசியாகச் சொன்னதன் கால்வீச்சு சுமார் 20 செ.மீ.; மாங்குளத்தில் பழைய மருத்துவமனைக் கட்டடத்திலும் காணப்பட்டது. பெரிய மரம் வெட்டப்பட்ட இடங்களில் இவை கட்டடத்துக்குள் வருவதற்கு வாய்ப்பு அதிகம். இவற்றின் கடி வேறு தரம். 2014-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் 26 கடிகள். தசைப்பிடிப்பு வந்தவர்கள் 58 விழுக்காடு, பல மணி நேரம் கழித்தே தொடங்கிய பிடிப்பு. ஹண்ட்ஸ்மனின் நிமிடக் கணக்கு இங்கே நாள் கணக்காகிவிடும். மருத்துவமனைக்குப் போவதே சரி, முடிந்தால் சிலந்தியின் படத்தோடு.

ஆகவே இரண்டையும் பிரிக்கும் எண்கள் நடைமுறைக்குத் தேவையானவை. விகிதம் ஒன்றில் 4-ஐ ஒட்டி அல்லது மேல், மற்றதில் 3-ஐ ஒட்டி. ஹண்ட்ஸ்மனுக்கு 8 கண்கள் இரு வரிசையாக முகத்தில் பரந்திருக்கும். டாரண்டுலாவுக்கு 8 கண்களும் தலையின் மேலே சிறு மேட்டில் குவிந்திருக்கும். ஹண்ட்ஸ்மனின் இரு பற்களும் இடுக்கிபோல் ஒன்றை நோக்கி ஒன்று வரும்; டாரண்டுலாவின் பற்கள் இணையாகக் கீழ்நோக்கி இறங்கும். வயிற்றின் அடியில் சுவாசத் தட்டறைகள் ஹண்ட்ஸ்மனுக்கு 1 இணை, டாரண்டுலாவுக்கு 2 இணை; கண்ணாடிச் சீசாவில் அகப்பட்டதை அடியிலிருந்து பார்த்தால் வெளிர் திட்டுகளாகத் தெரியும். பொசிலோதீரியாவின் கால்களில் சாம்பல், கறுப்பு, மஞ்சள் பட்டைகள் தெளிவாக இருக்கும், மயிர் அடர்த்தி. ஹண்ட்ஸ்மனில் தனித்தனி முள்மயிர்கள் மட்டும்.

வரவுப் பக்கத்தில் எழுத வேண்டியது கரப்பான். சாக்கடை வழியாக வரும் செம்பழுப்புக் கரப்பான் சுமார் 4 செ.மீ. நீளம், 2.8 செ.மீ. உடலுள்ள சிலந்தி தன்னைவிட நீளமான அதைப் பிடித்துத் தின்னும். அந்தக் கரப்பானின் பெண் வாழ்நாளில் சராசரியாக 9 முட்டைக்கூடுகள் இடும், கூட்டுக்குச் சுமார் 16 முட்டைகள்: மொத்தம் 144. முதல் கூட்டுக்கு முன் ஒரு பெண் தின்னப்பட்டால் 144 கழியும். பாதி வாழ்நாளில் தின்னப்பட்டால் 72. மார்ட்டின் நைஃபெலரும் கிளாவுஸ் பிர்க்ஹோஃபரும் 2017-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகச் சிலந்திகளின் மொத்த எடை 2.5 கோடி டன்; ஆண்டுக்கு அவை உண்ணும் இரை 40 முதல் 80 கோடி டன். தம் எடையைப் போல 16 முதல் 32 மடங்கு; நாள் கணக்கில் 4.4 முதல் 8.8 விழுக்காடு. இதில் 95 விழுக்காட்டுக்கு மேல் காடுகளிலும் புல்வெளிகளிலும் நிகழ்வது. சராசரி உலகத்துக்கானது, ஒரு சமையலறைச் சிலந்திக்கு அப்படியே பொருத்த முடியாது. ஒரு ஹண்ட்ஸ்மன் வீட்டைக் கரப்பானற்றதாக்கும் என்று சொல்ல இந்த எண்களில் ஆதாரம் இல்லை. ஆனால் அதைக் கொல்வதால் வீட்டுக்கு வரும் இலாபத்துக்கும் இவற்றில் ஓர் எண் கூடக் கிடைக்கவில்லை.

சிலந்தியே இல்லாத வீடு வேண்டும் என்பவருக்கு அமெரிக்காவின் ராலே நகரத்துக் கணக்கைச் சொல்லலாம். 2016-இல் வெளியான ஆய்வில் 50 வீடுகள், 554 அறைகள் துழாவப்பட்டன; ஒட்டடைச் சிலந்தி இருந்த வீடுகள் 100 விழுக்காடு, அறைகள் 65 விழுக்காடு. ஜன்னலும் கதவும் இறுக மூடும் வீட்டிலேயே இந்த நிலை.

வீட்டில் சிறு குழந்தை இருந்தோ, பார்த்தாலே உறக்கம் போய்விடும் என்றோ அதை வெளியேற்றத்தான் வேண்டும் என்றால் மீண்டும் 12 செ.மீ. கணக்கு வருகிறது. குடிநீர் டம்ளரின் வாய் 7 அல்லது 8 செ.மீ.; விரிந்து நிற்கும் சிலந்தியின் மேல் கவிழ்த்தால் விளிம்பு காலை நசுக்கும். எட்டில் ஒரு கால் போனால் 12.5 விழுக்காடு இழப்பு. இளஞ்சிலந்திக்குச் சட்டை உரிக்கும்போது அது மீண்டும் முளைக்கும்; முதிர்ந்தது இனிச் சட்டை உரிக்காது என்பதால் அந்தக் கால் திரும்ப வராது. வாய் 15 செ.மீ.க்குக் குறையாத ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவை மெதுவாகக் கவிழ்த்து, பழைய நாள்காட்டி அட்டையைச் சுவரோடு ஒட்டி உள்ளே செலுத்தினால் போதும். பெண்ணின் அடியில் வெண்தட்டு இருந்தால் அந்த ஒரு டப்பாவில் வெளியே போவது 201. திடுக்கிட்டுப் பையைக் கீழே போட்டுவிட்டால் அதையும் அட்டையில் எடுத்து உடன் வைத்து, மரத்தடியில் சருகோ பட்டையோ உள்ள இடத்தில் டப்பாவைச் சாய்த்துத் திறந்து வைக்கலாம்.